முதல் வரி மட்டும் தெரிந்த பாட்டுகள் – கேள்வி பதில்

நாம் அடிக்கடி கேட்கிற பாட்டுகளின் பொருள் பற்றி வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை. ஏறக்குறைய எல்லாக் கேள்விக்கும் பதில் அந்தந்தப் பாட்டின் இரண்டாவது, மூன்றாவது வரியிலேயே இருக்கிறது.

கேள்வி: தங்கை கல்யாணப் பத்திரிகையில் ‘வாரணம் ஆயிரம்’ பாசுரத்தைப் போடலாம் என்றேன். மாமா வேண்டாம் என்கிறார். அது நடக்காத கல்யாணத்தின் பாட்டாம், அபசகுனமாம். உண்மையா?

பதில்: மாமா பாட்டைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் ஆறாவது பதிகம் இது. ஆயிரம் யானை சூழ மாப்பிள்ளை வருகிறார், ஊரெங்கும் தோரணம் கட்டுகிறார்கள் என்று கேட்கும்போது நேரில் பார்ப்பது போல இருக்கும். ஆனால் பத்துப் பாசுரமும் ‘கனாக் கண்டேன் தோழீ நான்’ என்றுதான் முடிகின்றன. பந்தல், மத்தளம், கைத்தலம் பற்றுவது, தீவலம், அம்மி மிதிப்பது, பொரியிடுவது எல்லாம் கனவில் நடப்பவை. முன்பதிகத்தில் கண்ணனைக் கூவி அழைத்து வரச் சொல்லிக் குயிலைக் கெஞ்சுகிறாள். இதற்கு அடுத்த பதிகத்தில், கண் விழித்தவள் சங்கைப் பார்த்து, அவன் வாயில் கற்பூரம் மணக்குமா, தாமரை மணக்குமா என்று கேட்கிறாள். அவன் உதட்டில் இருக்கும் பாக்கியம் சங்குக்குத்தான், இவளுக்கு இல்லை. மூன்று பதிகத்தையும் சேர்த்துப் படித்தால் நடுவிலிருக்கும் கல்யாணம் மனத்தை என்னவோ செய்யும்.

அப்படியானால் பத்திரிகையில் போடக்கூடாதா? பதினோராவது பாசுரத்தைப் பாருங்கள். இதைப் பாட வல்லவர்கள் நல்ல பிள்ளைகளைப் பெற்று மகிழ்வார்கள் என்று ஆண்டாளே பலன் சொல்லி முடிக்கிறாள். வைணவர் வீட்டுக் கல்யாணங்களில் தேங்காய் உருட்டும்போது இதைத்தான் பாடுகிறார்கள், அதுவும் கனவு என்று தெரிந்தே. மாமாவிடம் அந்தப் பதினோராவதைக் காட்டுங்கள்.

கேள்வி: ‘அத்திக்காய் காய் காய்’ பாட்டில் எத்தனை காய் வருகிறது என்று வீட்டில் போட்டி வைத்தோம். காயை விட்டால் அந்தப் பாட்டில் வேறென்ன இருக்கிறது?

பதில்: காய்களை எண்ணிக்கொண்டிருந்தால் பாட்டு கையைவிட்டுப் போய்விடும். ‘பலே பாண்டியா’ (1962) படத்துக்குக் கண்ணதாசன் எழுதியது. மார்க்கெட்டை மறந்துவிட்டு, நிலாவைப் பார்த்து ஒரு பெண் பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘நிலாக் காய்கிறது’ என்று சொல்வோமே, அந்தக் காய்தான் இங்கே வினைச்சொல். அத்திக்காய் என்பது அத் திக்காய், அதாவது அந்தத் திசையாக. ‘அந்தப் பக்கம் போய்க் காய், நிலவே’ என்கிறாள். ‘இத்திக்காய் காயாதே’ என்றால் இந்தப் பக்கம் காயாதே, நானும் உன்னைப் போல் ஒரு பெண்தானே என்று அர்த்தம்.

பிரிந்திருப்பவர்களை நிலா சுடும் என்பது பழைய மரபு. அதனால், என்னை விட்டுவிட்டு அவரைப் போய்ச் சுடு என்கிறாள். ‘அவரைக்காய்’ வருவது இதற்குத்தான்: அவரைக் காய். ‘கோவைக்காய்’ என்பது கோவைக் காய், கோ என்றால் தலைவன். இதையெல்லாம் பிரித்துப் பார்த்த பிறகும் காய்ப் பட்டியல் கலையாமல் அப்படியே நிற்கிறது, அதுதான் வித்தை. அத்தி, ஆல், இத்தி மூன்றும் ஒரே இனத்து மரங்கள் என்பதையும் கவனியுங்கள். வாய்க்கு வந்த பெயர்களை அடுக்கவில்லை மனிதர்.

கேள்வி: ‘குறை ஒன்றும் இல்லை’ எந்த ஆழ்வார் பாடியது? எங்கள் அப்பா ஆண்டாள் என்கிறார்.

பதில்: ஆழ்வார் யாரும் இல்லை, ராஜாஜி எழுதியது. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அப்பா குழம்பியதற்கும் காரணம் உண்டு. திருப்பாவை 28ஆம் பாசுரத்தில் ‘குறைவொன்றும் இல்லாத கோவிந்தா’ என்று வருகிறது. அங்கே குறைவில்லாதவன் கோவிந்தன். பாடுகிறவர்கள் தங்களை அறிவொன்றும் இல்லாத ஆயர்குலம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். ராஜாஜியின் பாட்டில் எனக்குக் குறையில்லை என்று பக்தரே சொல்கிறார்.

இதை மனநிறைவுப் பாட்டு என்று பலரும் நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. நீ திரைக்குப் பின்னால் நிற்கிறாய், வேதம் ஓதும் ஞானிகள் மட்டுமே உன்னைக் காண்பார்கள் என்று சொல்லிவிட்டு ‘என்றாலும்’ என்கிறார். அந்த ‘என்றாலும்’ வரும் இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். குறையைச் சொல்லிச் சொல்லியே குறையில்லை என்கிற பாட்டு இது.

கேள்வி: பாரதியின் கண்ணம்மா யார்? மனைவி செல்லம்மாவா, காதலியா? ‘சின்னஞ்சிறு கிளியே’ பாட்டை நான் கல்லூரியில் ஒரு பெண்ணுக்காகப் பாடியிருக்கிறேன்.

பதில்: பாடியது பாடியதுதான், விடுங்கள். ஆனால் அது குழந்தைக்கான பாட்டு. ‘கண்ணம்மா – என் குழந்தை’ என்பதுதான் தலைப்பு. பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு சொல்லிய பாட்டு என்று அடியில் குறிப்பும் இருக்கிறது. கன்னத்தில் முத்தமிட்டால் கள்வெறி கொள்ளும் வரியை மட்டும் எடுத்துக்கொண்டால் காதல் மாதிரிதான் தெரியும். அதற்கு முன்னாலேயே ஊரார் மெச்சிப் புகழ்ந்தால் மேனி சிலிர்க்கிறது என்று வருகிறதே, அது பெற்றவர் பேச்சு அல்லவா?

1917இல் வெளிவந்த ‘கண்ணன் பாட்டு’ முழுக்க இப்படித்தான். ஒரே தெய்வம் தோழனாக, தாயாக, சேவகனாக, காதலியாக வேஷம் மாறி வரும். ‘சுட்டும் விழிச்சுடர்தான்’ பாட்டில் கண்ணம்மா காதலி. ‘நின்னைச் சரணடைந்தேன்’ பாட்டில் அவள் குலதெய்வம். இந்தக் கடைசிப் பாட்டைக் காதல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். மிடிமையும் அச்சமும் என் நெஞ்சில் குடிபுகுந்துவிட்டன, அவற்றைக் கொன்று போக்கு என்று கேட்கிறார். மிடிமை என்றால் வறுமை. பாரதி வீட்டு நிலைமை தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லைச் சும்மா கடந்துபோக முடியாது.

கேள்வி: ‘போனால் போகட்டும் போடா’ ஜாலியான பாட்டுதானே? என் போனில் ரிங்டோன்.

பதில்: ‘பாலும் பழமும்’ (1961) படத்தில் மனைவி இறந்துவிட்டதாக நம்பும் ஒரு மருத்துவர் பாடுவது. உயிரை இரவல் தந்தவன் திருப்பிக் கேட்டால் இல்லையென்று சொல்ல முடியுமா என்று உள்ளே வருகிறது. ரிங்டோன் உங்கள் இஷ்டம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் சைலன்ட்டில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்பதற்கு ‘எல்லோரும் கேளுங்கள்’ என்று என் மகன் பரீட்சையில் எழுதிவிட்டு வந்திருக்கிறான். ஒரே சிரிப்பு.

பதில்: பையன் தனியாள் இல்லை, பெரியவர்களே அப்படி நினைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கேளிர் என்றால் உறவினர். கேண்மை என்ற சொல் இன்னும் இருக்கிறதே, அதற்குச் சொந்தம்.

எனக்குப் பெரிய தப்பாகப் படுவது வேறு. அந்த வரியை மேடையில் முழங்கிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். கணியன் பூங்குன்றனாரின் அந்தப் புறநானூற்றுப் பாட்டு (192) 13 அடி. தீதும் நன்றும் பிறர் தந்து வருவதில்லை, சாவு புதிதில்லை, வாழ்க்கை இனியது என்று குதிப்பதும் இல்லை, கசந்து வெறுப்பதும் இல்லை என்று போகிறது. மழை பெய்து, பாறையில் மோதி இரைந்து ஓடும் பேராறு. அதில் தண்ணீர் போன போக்கில் போகும் தெப்பம் போல உயிரும் முறைவழிப் போகிறது என்கிறார். ஆகவே பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை. அந்த ‘அதனினும்’ எனக்கு முதல் வரியைவிட ஒரு படி மேல்.

கேள்வி: முதலில் கேட்ட நானேதான். மாமா சம்மதித்துவிட்டார்! பத்திரிகையில் ஒரே ஒரு பாசுரத்துக்குத்தான் இடம். எதைப் போட?

பதில்: ‘மத்தளம் கொட்ட’ என்று தொடங்கும் பாசுரம். கைத்தலம் பற்றுவது அதில்தான் வருகிறது. பாதியில் வெட்டாமல் நாலு அடியையும் போடுங்கள். அச்சகத்தில் ‘தோழீ’யைத் ‘தோழி’ ஆக்கிவிடுவார்கள். அவள் கூப்பிடுகிறாள், நெடில்தான் வேண்டும். புரூஃப் வந்ததும் முதலில் அதைப் பாருங்கள்.