மலையடிக் கன்று தேரியில் பழகுமா?

திசையன்விளைக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், இரண்டு ஏக்கர் நிலத்தில் சீமைக்கருவேலத்தை அகற்றிவிட்டேன். நாட்டு மரம் வைக்க ஆசை. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நாற்றங்காலில் மருது, நாவல், வேம்பு எல்லாம் மலிவாகக் கிடைக்கிறது. ஒரே சீமைதானே, இரண்டு வருடம் தண்ணீர் ஊற்றினால் பழகிக்கொள்ளாதா?"

மருதும் நாவலும் வேண்டாம். தாமிரபரணிக் கரை மாதிரி வேருக்கு எட்டும் ஆழத்தில் ஈரம் இருக்கும் இடம்தான் அவற்றுக்கு ஒத்துவரும். வேம்பு வைக்கலாம். ஆனால் அதுவும் எந்த மண்ணில் நிற்கும் மரத்தின் விதை என்று விசாரித்து வாங்குங்கள்.

ஒரு கன்று ஓரளவுக்கு அனுசரித்துப் போகும். இலையைச் சிறிதாக்கும், வேரை ஆழமாக விடும். பிறவிக் குணம் மாறாது. மாறுவது தலைமுறை. ஆயிரம் விதை முளைத்து, ஆடிக் காற்றுக்கும் கோடைக்கும் தப்பியவை மட்டும் காய்த்தால், அடுத்து முளைப்பதெல்லாம் அவற்றின் பிள்ளைகள். இது திரும்பத் திரும்ப நடப்பதால்தான் ஒரே இனத்துக்குள்ளேயே இடத்துக்கு இடம் குணம் வேறுபடுகிறது. கலிபோர்னியாவில் கிளாசன், கெக், ஹீசி ஆகிய மூவர் கடலோரம் முதல் சியரா நெவாடா மலையுச்சி வரை ஒரே வகைச் செடிகளைச் சேகரித்து, இடம் மாற்றி நட்டுப் பார்த்தார்கள். கீழே கொண்டுவந்து வளர்த்தாலும் உச்சிமலைச் செடி குட்டையாகவே இருந்தது. கடலோரச் செடி உச்சியில் திணறியது.

இதற்கு யுகக்கணக்கில் காலம் ஆக வேண்டும் என்றில்லை. அதே கலிபோர்னியாவில் கடுகு இனச் செடி ஒன்றின் விதையை 1997-இலும், கடும் வறட்சிக்குப் பிறகு 2004-இலும் எடுத்து, ஒன்றாக வளர்த்து ஒப்பிட்டார்கள். பிந்தைய விதையில் வந்தவை முந்திப் பூத்தன. வறட்சி வருடங்களில் மண் காயுமுன் காய்த்து முடித்தவைதானே விதை விட்டிருக்கும்! ஆனால் அது வருடத்துக்கு ஒரு தலைமுறை காணும் செடி. மரத்துக்கு அப்படி இல்லை. அதனால் தேரி ஏற்கெனவே சலித்தெடுத்த மரங்களிடம் போய் விதை கேட்பதுதான் உங்களுக்கு வழி.

இந்த விஷயத்தில் திருநெல்வேலிச் சீமை கொடுத்துவைத்தது. 1,868 மீட்டர் உயர அகத்தியமலையில் இரண்டு பருவமழையும் கொட்டுகிறது. அதே தென்மேற்குப் பருவம் உங்கள் ஊருக்கு வெறும் காற்றாக வந்து மணலை வாரி இறைக்கிறது. வடக்கே செங்கோட்டைக் கணவாய் மலைத்தொடரை அறுக்கிறது. தாழ்ந்து காய்ந்த அந்த இடைவெளியைத் தாண்டி மகரந்தமும் விதையும் போய்வர முடியாத ஈரக்காட்டுச் செடிகள் தனித்தனியே மாறிக்கொண்டே போய், காலப்போக்கில் வேறு இனமாகவே பிரிந்துவிடும். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் 2,254 உயர்வகைத் தாவரங்களில் சுமார் 400 இந்தப் பகுதிக்கே உரியவையாக இருப்பதற்கு இப்படிப்பட்ட பிரிவுகளும் ஒரு காரணம். மலையில் அத்தனையையும் உருவாக்கிய அதே விதிதான் கீழே குடை விரித்த உடைமரத்தையும் வளர்த்து நிறுத்தியிருக்கிறது. தேரி பொட்டல் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு பொறுக்காது.

சரி, வேலைக்கு வருவோம். உடை, பனை, விடத்தலை, இலந்தை, மஞ்சணத்தி, ஓரங்களில் ஆவாரை. விதையைச் சுற்றுவட்டாரத்திலிருந்தே எடுங்கள். செழிப்பான ஒரே மரத்தின் அடியில் மூட்டை கட்டாதீர்கள். தள்ளித்தள்ளி நிற்கும் இருபது, முப்பது மரங்களில் கைப்பிடி கைப்பிடியாகச் சேருங்கள். அடுத்த வறட்சி எப்படி வரும் என்று தெரியாது. குணங்கள் கலந்திருந்தால்தான் சிலவாவது நிற்கும். உங்கள் ஊரைவிடக் காய்ந்த பக்கத்துத் தேரியிலிருந்து கொஞ்சம் சேர்த்தாலும் நல்லது.

உடை விதையின் தோல் கெட்டி. கொதிக்கவைத்து இறக்கிய நீரில் போட்டு, ஒரு இரவு ஊறவிடுங்கள். ஆட்டுக்கிடையில் பொறுக்கிய விதை சுலபமாக முளைக்கும். அதில் சீமைக்கருவேல விதையும் கலந்திருக்கும், பார்த்துப் பிரித்தெடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் நெருக்கமாக ஊன்றுங்கள். பாதிக்குமேல் செத்தாலும் கலங்க வேண்டாம், தேர்வு நடக்கிறது. அந்த இடைவெளியில் வெளியூர்க் கன்றைக் கொண்டுவந்து நிரப்பாமல், மறுவருடம் அதே தேரி விதையையே போடுங்கள். அப்புறம், மண்ணில் கிடக்கும் சீமைக்கருவேல விதை ஒவ்வொரு மழைக்கும் தலைகாட்டும். மணல் ஈரமாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள்.