மகள் ஃபெடரல் பிராசிக்யூட்டர் ஆக விரும்பினால்: நியூஜெர்சி பெற்றோருக்கு

மகள் நியூவார்க் யு.எஸ். அட்டர்னி அலுவலகத்தை, அதாவது ஃபெடரல் (மத்திய) அரசுக்காக வழக்கு நடத்தும் அலுவலகத்தை, குறிவைப்பது நல்லதுதான். ஆனால் சட்டப் படிப்பு முடித்த கையோடு அங்கே நுழைந்துவிடலாம் என்ற உங்கள் கணக்கு பெரும்பாலும் பலிக்காது.

முதலில் இது எந்த அலுவலகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். மாநிலச் சட்டப்படியான கொலை, திருட்டு வழக்குகளைக் கவுன்ட்டி பிராசிக்யூட்டர் (உள்ளூர் மாவட்ட அரசு வழக்கறிஞர்) நடத்துவார். வங்கி மோசடி, மாநிலம் தாண்டிய போதைக் கடத்தல் போன்ற ஃபெடரல் குற்றங்கள் யு.எஸ். அட்டர்னியிடம் வரும். நாடெங்கும் 94 ஃபெடரல் நீதி மாவட்டங்கள் உள்ளன. நியூஜெர்சி முழுவதும் ஒரே மாவட்டம்; நியூவார்க், ட்ரென்டன், கேம்டன் மூன்றிலும் அலுவலகம் உண்டு. அலுவலகத் தலைவரான யு.எஸ். அட்டர்னியை ஜனாதிபதி நியமித்து செனட் உறுதிசெய்யும். ஆட்சி மாறினால் பொதுவாக அவரும் மாறுவார். அன்றாட வழக்குகளை நடத்துவது உதவி அட்டர்னிகள். மகளுக்கு நீங்கள் யோசிக்கும் வேலை அதுதான்.

அலுவலகத்தின் குற்றவியல் பிரிவினர் எஃப்.பி.ஐ. போன்ற புலனாய்வு அமைப்புகளோடு சேர்ந்து வழக்கை உருவாக்கி, குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி முன் வைப்பார்கள். அங்கே 16 முதல் 23 பேர் இருப்பார்கள்; குற்றப்பத்திரிகைக்கு 12 பேராவது சம்மதிக்க வேண்டும். சிவில் பிரிவை மாணவர்கள் ஏனோ மறந்துவிடுகிறார்கள். தபால் வண்டி இடித்தவர் நஷ்டஈடு கேட்டால் அரசுக்காக வாதாடுவதும், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்குப் பொய் பில் போட்டவரிடம் பணத்தை மீட்பதும் அவர்கள் வேலை. எழுத்துத் திறமை உள்ளவர்களுக்கு ஏற்ற இடம்.

இனி தகுதி. அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு மட்டும் இருந்தால் உதவி அட்டர்னி ஆக முடியாது. இதை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், சட்டப் படிப்பின் கடைசி ஆண்டான மூன்றாம் ஆண்டில் கண்டுபிடித்துப் பயனில்லை. கடைசி ஐந்தாண்டில் மூன்றாண்டாவது அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. நீண்ட நாள் இந்தியாவில் இருந்துவிட்டு வந்தவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். ஏதாவது ஒரு மாநிலத்தில் பார் உறுப்பினராக (வழக்கறிஞராகத் தொழில் செய்ய உரிமம் பெற்றவராக) இருப்பதும் கட்டாயம். குறைந்தபட்ச அனுபவம் ஓராண்டு என்று அறிவிப்பில் இருந்தாலும், கோர்ட்டில் நின்று வாதாடியவர்களையும் நீதிபதியிடம் கிளார்க்காக (சட்ட ஆய்விலும் தீர்ப்பு எழுதுவதிலும் உதவும் வழக்கறிஞராக) இருந்தவர்களையுமே அலுவலகங்கள் தேடும்.

ஆகவே வழி இது: முதல் அல்லது இரண்டாம் ஆண்டுக் கோடையில் அங்கேயே இன்டர்ன்ஷிப் (பெரும்பாலும் சம்பளம் இல்லை), படிப்பு முடிந்ததும் நீதிபதி கிளார்க், பிறகு ஒரு சட்ட நிறுவனத்திலோ கவுன்ட்டி பிராசிக்யூட்டரிடமோ சில ஆண்டுகள். இன்டர்ன்ஷிப்புக்கு மாதக்கணக்கில் முன்னதாகவே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தேர்வான பிறகும் பின்னணிச் சோதனை முடிந்தால்தான் சேர முடியும். தாமதமாக விண்ணப்பித்தால் கோடையே ஓடிவிடும்.

அந்தச் சோதனையில் வரி பாக்கி, தவணை தவறிய கல்விக் கடன், போதைப் பழக்கம் மூன்றும் கேட்கப்படும். நியூஜெர்சியில் கஞ்சாவுக்கு அனுமதி இருந்தாலும் ஃபெடரல் சட்டத்தில் இல்லை. மகள் எப்போதோ பயன்படுத்தியிருந்தால் அதை மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். படிவத்தில் பொய் சொல்வதே தனிக் குற்றம்.