கேள்வி உங்களுடையது: இன்னும் போகாத ஊரில் வேலை தேடுவது எப்படி?

வேறு ஊருக்குக் குடிபெயரப்போகிறவர்களின் கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவள் நான். அதனால் உங்கள் பயோடேட்டா கைக்கு வந்ததும் அவர்கள் என்ன யோசிப்பார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வெகுதூரத்து நகரத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடிந்ததும் நானும் போகிறேன். கணக்குப் பிரிவில் நல்ல அனுபவம் இருக்கிறது. இங்கிருந்தே விண்ணப்பிக்கிறேன், பதிலே வருவதில்லை. அங்கே இருக்கும் உறவினர் வீட்டு முகவரியைப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
(ஒரு வாசகி)

வேண்டாம். போட்ட மறுநாளே ‘நாளைக் காலை பதினோரு மணிக்கு நேரில் வர முடியுமா?’ என்று போன் வந்தால் என்ன சொல்வீர்கள்? ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போட வேண்டும். அப்புறம் உண்மை தெரியவரும்போது, முகவரியிலேயே இப்படி என்றால் அனுபவமும் இப்படித்தானோ என்று சந்தேகம் வரும். கணக்குப் பார்க்கிற வேலைக்கு விண்ணப்பிக்கிறவர் மேல் அந்தச் சந்தேகம் வரவே கூடாது.

பதில் வராததற்கு உங்கள் தகுதி காரணமாக இருக்காது என்றே நினைக்கிறேன். நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் வரும் இடங்களில் ஊர் பெயரைப் போட்டுத்தான் மென்பொருளில் தேடுவார்கள். உங்கள் பயோடேட்டாவில் அந்த ஊர் பெயர் எங்குமே இல்லையென்றால் தேடலில் நீங்கள் வரவே மாட்டீர்கள். அதைத் தாண்டி வந்தாலும், படிக்கிறவர் மனதில் ஒரு கேள்வி எழும்.

ஒரு முறை கிளை மேலாளர் ஒருவர் எனக்கு எதிரே உட்கார்ந்து பயோடேட்டாக்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்து, அனுபவப் பகுதியை விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். ‘நல்லா இருக்கே’ என்றார். பிறகு மேலே முகவரியைப் பார்த்தார். ‘இவங்க அங்கேயிருந்து எப்போ வர்றது? வந்தாலும் இருப்பாங்களா?’ என்று கேட்டபடியே அதைக் கட்டின் அடியில் சொருகிவிட்டார். அந்தப் பெண்ணிடம் அவர் எந்தக் குறையும் காணவில்லை. அவர் கேட்ட இரண்டு கேள்விக்கும் அந்தத் தாளில் பதில் இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பதிலை நீங்கள் எழுதிவிடுங்கள். பெயருக்குக் கீழே, போன் நம்பருக்குப் பக்கத்தில் ஒரே வரி: போகப்போகும் நகரத்தின் பெயர், ‘ஜூன் முதல் வாரம் குடும்பத்துடன் குடிபெயர்கிறேன், அதற்கு முன் ஒரு வார அவகாசம் தந்தால் நேர்முகத் தேர்வுக்கு நேரில் வருவேன்’. உண்மையும் இதுதான், அவர்களுக்குத் தேவையானதும் இதுதான். தேடலில் ஊர் பெயரும் சிக்கும். ‘பள்ளி ஆண்டு முடிந்ததும்’ என்று எழுதாதீர்கள், மாதத்தையும் வாரத்தையும் எழுதுங்கள். நாள் குறித்துவிட்டவர் வந்துவிடுவார் என்று நம்புவார்கள்; ‘நல்ல வேலை கிடைத்தால் வரத் தயார்’ என்று எழுதியவரை நம்பத் தயங்குவார்கள்.

கணவருக்கு மாற்றல் என்பதையும் மின்னஞ்சலில் ஒரு வரியில் சொல்லலாம். சொந்த விஷயம், எதற்கு என்று பல பெண்கள் மறைக்கிறார்கள். நான் சொல்லச் சொல்வேன். குடும்பமே வருகிறது என்றால் ‘இருப்பாங்களா?’ என்ற கேள்வி அங்கேயே அடங்கிவிடும். மாற்றல் தந்த நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவிலும் உங்கள் கணவரை விசாரிக்கச் சொல்லுங்கள். பெரிய நிறுவனங்கள் சில, வாழ்க்கைத் துணைக்கு வேலை தேடவும் உதவுகின்றன. உங்கள் இப்போதைய அலுவலகத்திலும் கேளுங்கள். அங்கே கிளை இருக்கலாம், அல்லது சில மாதங்களுக்கு வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்லலாம். கேட்காமலே ராஜினாமா செய்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய பேர்.

இன்னொன்று, நேரம். உடனே ஆள் வேண்டும் என்பவர்கள் அரை வருடம் காத்திருக்க மாட்டார்கள். போவதற்கு இரண்டு, மூன்று மாதம் இருக்கும்போது முழுமூச்சாக விண்ணப்பியுங்கள். அதுவரை எந்த நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன, என்ன மென்பொருள் தெரிந்தவர்களைக் கேட்கிறார்கள் என்று பார்த்து வையுங்கள்.

கேள்வி: எனக்கு அந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. தெரிந்த ஆள் இருந்தால்தான் வேலை என்கிறார்களே?
(ஒரு வாசகர்)

ஆள் தெரிந்தால் உதவிதான். ஆனால் நெருக்கமான ஆள்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதை மாற்றிக்கொள்ளுங்கள். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், ‘அந்த நபரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?’ என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்று சொன்னவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் எப்போதாவது, அல்லது மிக அரிதாகப் பார்க்கிறவர்கள் மூலம் வேலை பெற்றவர்கள். அவர் கேட்டது சில டஜன் பேரிடம்தான். ஆனால் லிங்க்ட்இன் தளத்தின் 2 கோடி பயனர்களை வைத்து நடந்து 2022இல் வெளியான ஆய்விலும், மிக நெருங்கியவர்களைவிட ஓரளவு தெரிந்தவர்களே வேலை மாற அதிகம் உதவினார்கள் என்று தெரியவந்தது.

யோசித்தால் புரியும். உங்கள் நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த வேலை உங்களுக்கும் தெரிந்திருக்கும். வேறு வட்டத்தில் பழகுகிறவருக்குத்தான் நீங்கள் கேள்விப்படாதது தெரியும்.

அதனால் மறுபடி ஒரு முறை யோசித்துப் பாருங்கள். முன்பு உங்களோடு வேலை பார்த்து ஊர் மாறிப் போனவர், கல்லூரியில் இரண்டு வருடம் சீனியர், உங்கள் அலுவலகத்துக்குச் சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் அந்த ஊர்க் கிளையில் போனில் மட்டும் பேசிப் பழகியவர். இவர்களில் யாரோ ஒருவர் அகப்படுவார். ‘எனக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுங்கள்’ என்று எழுதாதீர்கள். அவரால் முடியாது என்றால், சொல்லச் சங்கடப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி கேளுங்கள்: ‘செப்டம்பரில் அங்கே வருகிறேன். தர ஆய்வு வேலைக்கு அங்குள்ள தொழிற்சாலைகள் நேரடியாக ஆள் எடுக்கின்றனவா, ஏஜென்சி மூலமா?’ பதில் வந்தால் நன்றி சொல்லுங்கள். விஷயம் என்ன ஆயிற்று என்பதையும் பிறகு அவருக்குத் தெரிவியுங்கள். இதைச் செய்கிறவர்கள் குறைவு, அதனால் செய்கிறவரை மறக்க மாட்டார்கள்.

இப்போதைய வேலையில் இருந்துகொண்டே தேடுகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. லிங்க்ட்இன்னில் வேலை தேடுவதை ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம், விரும்பும் ஊரையும் குறிப்பிடலாம். ஆனால் உங்கள் நிறுவனத்துக்கு அது தெரியவே தெரியாது என்று அந்தத் தளமே உத்தரவாதம் தருவதில்லை.

கேள்வி: வேலை கிடைக்காமலே போய் இறங்கிவிடலாம் என்று பார்க்கிறேன். நேரில் இருந்தால் கிடைக்காதா?
(ஓர் இளைஞர்)

தம்பி, தொழிலைப் பொறுத்தது. கடை, ஹோட்டல், பட்டறை, கட்டுமானம் போன்ற இடங்களில் நேரில் வந்து நிற்கிறவருக்குத்தான் வேலை. அங்கே தூரத்திலிருந்து மின்னஞ்சல் அனுப்பிப் பயன் குறைவு. அலுவலக வேலை என்றால் முதல் சுற்றுகள் பெரும்பாலும் போனிலும் வீடியோவிலும் முடிந்துவிடுகின்றன, அங்கே போய் அறை எடுத்துத் தங்கியிருப்பதால் பெரிய லாபம் இல்லை. நர்ஸ், ஆசிரியர், வழக்கறிஞர் என்றால் வேறு கதை. போகிற இடத்தில் பதிவோ உரிமமோ புதிதாக வாங்க வேண்டியிருக்கலாம், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். வேலை தேடுவதற்கு முன்பே அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

கையில் எவ்வளவு பணம் வேண்டும் என்று யோசித்தீர்களா? தேர்வுச் சுற்றுகள் வாரக்கணக்கில் இழுக்கும். சேர்ந்த பிறகும் ஒரு மாதம் வேலை பார்த்துத்தான் முதல் சம்பளம். வாடகை அட்வான்ஸ் தனி. நாலைந்து மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் கிளம்பினால், முதலில் வருகிற வேலையை எந்தச் சம்பளத்துக்கும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். உங்களைப் போன்ற பிள்ளைகளை அந்த நிலையில் நிறையப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

நடுவழி ஒன்று உண்டு. ஒரு வாரம் மட்டும் போய் வாருங்கள். இரண்டு, மூன்று வாரம் முன்பே, ‘இந்தத் திங்கள் முதல் வியாழன் வரை உங்கள் ஊரில் இருப்பேன், அரை மணி நேரம் சந்திக்க முடியுமா?’ என்று விண்ணப்பித்த எல்லா இடங்களுக்கும் எழுதுங்கள். தள்ளிக்கொண்டே போகிற எச்.ஆர். கூட, நாள் குறிப்பிட்டால் ஒரு நேரம் ஒதுக்கப் பார்ப்பார். அந்த வாரத்தில் ஒரு நாள், காலையில் எல்லோரும் வேலைக்குப் போகிற நேரத்தில், நீங்கள் குடியிருக்க நினைக்கும் பகுதியிலிருந்து அலுவலகம் வரை பஸ்ஸிலோ ரயிலிலோ போய்ப் பாருங்கள்.

கேள்வி: வீடியோ இன்டர்வியூவில் எதைக் கவனிக்க வேண்டும்?
(ஒரு வாசகி)

வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம். கேமரா கண் உயரத்தில் இருக்கட்டும். இணைப்பு போய்விட்டால் கூப்பிட அவர்களுடைய போன் நம்பரை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வேறு நாடு என்றால் யாருடைய நேரம் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சில நாடுகளில் வருடத்தில் இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுவார்கள், அந்த வாரங்களில் ஒரு மணி நேரம் தவறிப்போகிறவர்கள் உண்டு.

கேள்வி: நேரில் பார்க்காமலே, சாட்டில் நாலு கேள்வி கேட்டுவிட்டு ஆஃபர் லெட்டர் அனுப்பிவிட்டார்கள். லேப்டாப்புக்கு டெபாசிட் கட்டச் சொல்கிறார்கள், சேர்ந்ததும் திருப்பித் தருவார்களாம். கட்டலாமா?
(ஒரு வாசகர்)

ஒரு பைசா கட்டாதீர்கள். நல்ல நிறுவனம் வேலை கொடுக்கப் பணம் கேட்காது. பயிற்சிக் கட்டணம், பதிவுக் கட்டணம், திருப்பித் தரும் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அதே பதில்தான். ‘செக் அனுப்புகிறோம், போட்டுவிட்டு மீதியை இன்னொருவருக்கு அனுப்புங்கள்’ என்பதும் மோசடிதான். செக் பிறகு திரும்பிவிடும், நீங்கள் அனுப்பிய பணம் போனது போனதுதான். தூரத்தில் இருப்பவரால் நேரில் போய்ப் பார்க்க முடியாது என்று தெரிந்தே இப்படிக் குறிவைக்கிறார்கள். கடிதத்தில் இருக்கும் நம்பரை விடுங்கள். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள நம்பருக்குப் போன் செய்து, இந்தப் பெயரில் ஆஃபர் கொடுத்தீர்களா என்று கேளுங்கள். அசல் சான்றிதழ்களை யாருக்கும் தபாலில் அனுப்பாதீர்கள்.

கேள்வி: நல்ல நிறுவனம், நேரில் போய் வந்தேன். ‘நீங்கள் செலக்ட் ஆகிவிட்டீர்கள்’ என்று போனில் சொன்னார்கள். இங்கே ரிசைன் செய்துவிடலாமா?
(ஒரு வாசகி)

வாழ்த்துகள்! ஆனால் இன்று வேண்டாம். போனில் சொன்னவர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்கு மேலே இருப்பவர் அந்தப் பணியிடத்தையே நிறுத்திவைத்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே வீடு பார்த்து, இங்கே வீட்டைக் காலி செய்துவிட்ட பிறகு அப்படி ஆனால் இரண்டு ஊரிலும் இல்லாமல் நிற்பீர்கள்.

கையெழுத்திட்ட கடிதம் வரட்டும். அதில் நான்கு இடங்களை நிதானமாகப் படியுங்கள். வேலை செய்யும் இடமாக எந்த ஊர் எழுதியிருக்கிறது, வேறு ஊருக்கு மாற்றும் உரிமை அவர்களுக்கு உண்டா? ஜாயினிங் தேதி உங்கள் நோட்டீஸ் பீரியடுக்குப் பொருந்துகிறதா? இடமாற்றச் செலவை ரசீது காட்டி வாங்க வேண்டுமா, மொத்தமாகத் தருவார்களா? ஒரு வருடத்துக்குள் விலகினால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா? கடைசியாகச் சொன்ன நிபந்தனை பல கடிதங்களில் உள்ளே எங்கோ ஒரு வரியாக இருக்கும். செலவைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையென்றால் கேளுங்கள். கேட்டதற்காக வேலையைத் திரும்பப் பெறுகிற நிறுவனத்தை நான் பார்த்ததில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. பெரும்பாலான ஆஃபர்கள் பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டவை. பழைய அலுவலகங்களுக்குப் போன் செய்து விசாரிப்பார்கள், சான்றிதழ்களைச் சரிபார்ப்பார்கள். இப்போதைய அலுவலகத்தை மட்டும் நீங்கள் ரிசைன் செய்த பிறகு விசாரிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம், வழக்கமாகச் சம்மதிப்பார்கள். மற்றதெல்லாம் முடிந்துவிட்டதா என்று எச்.ஆருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். ‘முடிந்தது’ என்று எழுத்தில் பதில் வந்ததும் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுங்கள்.