மோதிய காரில் முதலில் எதைக் கழற்றுவது?

பந்தயக் கார்: வாசகர் கேள்வி – பதில்

சேலத்திலிருந்து சொந்தக் காரை வண்டியில் ஏற்றிக்கொண்டு கோவை செட்டிப்பாளையம், சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்குகளுக்குப் போய்வருகிற பொழுதுபோக்குப் பந்தயக்காரர்களின் கடிதங்களே இந்த முறை அதிகம். எல்லாமே மோதிய பிறகு வந்த சங்கடங்கள்.

கேள்வி: கோவை டிராக்கில் என் பழைய ஸ்விஃப்ட் (2008) இடது முன்பக்கமாக டயர் சுவரில் மோதியது. பம்பர், ஃபெண்டர், ஹெட்லைட் போயிற்று. ஆனால் கார் நேராகத்தான் ஓடுகிறது. "இழுத்துவிட்டு, பட்டி போட்டு, பெயின்ட் அடித்தால் போதும்" என்கிறார் டிங்கர். நம்பலாமா?
– வாசகர், சீலநாயக்கன்பட்டி

பதில்: நேராக ஓடுவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வளைந்த டை ராடோடும் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) கார் நேராக ஓடும்; ஸ்டீயரிங் வீல் மட்டும் கொஞ்சம் திரும்பி நிற்கும். டிங்கர் சுத்தியலை எடுக்கும் முன் நீங்கள் டேப்பை எடுங்கள்.

சமதளமான சிமென்ட் தரையில் காரை நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக்கி, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இந்த இடைவெளிக்கு வீல்பேஸ் என்று பெயர்; உங்கள் மாடலுக்கு 2390 மி.மீ. பக்கத்துக்குப் பக்கம் இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசம் அளவெடுப்பிலேயே வரும். இடது பக்கம் 10 மி.மீ. குறைந்தால் ஏதோ பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. அடுத்தது குறுக்களவு. காரின் அடியில் இரு பக்கமும் ஒரே மாதிரி அமைந்த துளைகள் உண்டு. முன்னே இரண்டு, பின்னே இரண்டு தேர்ந்தெடுத்து, கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். காரை நகர்த்திவிட்டு எக்ஸ் வடிவில் அளந்தால் இரண்டு குறுக்களவும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் ஷெல்லே, அதாவது காரின் உடற்கூடே, முறுக்கியிருக்கிறது. காரைப் பூட்டி அதை இழுத்து நேராக்கும் பெஞ்ச் இல்லாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

மூன்றாவதாக வீல் அலைன்மென்ட். கடைக்காரர் வழக்கமாக டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு), கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) இரண்டையும் மட்டும் காட்டுவார். "எஸ்ஏஐ, இன்க்ளூடட் ஆங்கிள் இரண்டையும் பிரின்ட் எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். எஸ்ஏஐ என்பது ஸ்டீயரிங் அச்சு உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும் கோணம். அதோடு கேம்பரைக் கூட்டினால் இன்க்ளூடட் ஆங்கிள். எஸ்ஏஐ சரியாக இருந்து கேம்பர் மட்டும் கெட்டிருந்தால் ஸ்ட்ரட்டோ (ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்) நக்கிளோ (சக்கர ஹப்பைத் தாங்கும் பாகம்) வளைந்திருக்கிறது. எஸ்ஏஐ-யும் கேம்பரும் கெட்டு, இன்க்ளூடட் ஆங்கிள் இரு பக்கமும் சமமாக இருந்தால் டவர் (ஸ்ட்ரட்டின் மேல்முனை பூட்டியிருக்கும் இடம்) நகர்ந்திருக்கிறது, அல்லது லோயர் ஆர்மோ (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) அதைத் தாங்கும் சட்டமோ இடம் மாறியிருக்கிறது. இந்த ஒரு தாள், தேவையில்லாத பாகங்களை வாங்குவதிலிருந்து உங்களைக் காப்பாற்றும்.

ஸ்ட்ரட் வளைந்ததா என்று கடைக்குப் போகாமலும் பார்க்கலாம். காரை ஜாக்கியில் தூக்கி, மேல் நட்டைச் சற்றுத் தளர்த்தி, நடுத்தண்டை மெல்லச் சுழற்றுங்கள். சக்கரத்தின் மேல்விளிம்பு உள்ளேயும் வெளியேயும் அசைந்தால் தண்டு வளைந்திருக்கிறது. நட்டை முழுவதும் கழற்றிவிடக் கூடாது. ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது. ஸ்டீயரிங் ரேக்குக்கு (ஸ்டீயரிங் சுழல்வதைப் பக்கவாட்டு அசைவாக்கும் பல்சட்டம்), சக்கரங்கள் அந்தரத்தில் இருக்கும்போது ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பிப் பாருங்கள். நடுவில் எங்காவது இறுகினால் ரேக் பார் வளைந்துவிட்டது.

டை ராட், லோயர் ஆர்ம், நக்கிள் மூன்றையும் அடித்து நேராக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற நக்கிளையும் சிவப்புச் சாயச் சோதனை செய்துவிடுங்கள். மூன்று ஸ்பிரே டப்பாக்கள் கொண்ட செட் அது. கிளீனரால் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, சிவப்புச் சாயம் அடித்து 10 முதல் 15 நிமிடம் விட்டு, துணியால் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு எழும். துடைக்கும்போது கிளீனரைத் துணியில்தான் நனைக்க வேண்டும். பாகத்தின் மேல் நேராக அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கரைந்துபோகும். சோதனை தப்பாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

டிங்கரைப் பற்றி ஒரு வார்த்தை. சங்ககிரி, நாமக்கல் பக்கத்து லாரிப் பட்டறைக்காரர்களின் கைத்திறமைக்குக் குறைவில்லை. ஆனால் லாரிக்குத் தனிச் சட்டம் உண்டு. காரில் மெல்லிய தகடுகளைச் சேர்த்து வெல்டு செய்த கூடுதான் சட்டம். அதில் வலுக்கூட்டிய தகடைக் கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி அடித்தால் வடிவம் வரும், வலு போகும். அடுத்த மோதலில் அந்த இடம்தான் முதலில் மடியும். மடிந்த முன் ரயிலை (எஞ்சினின் பக்கத்தில் முன்னோக்கி நீளும் பெட்டிச்சட்டம்) வெட்டியெடுத்து, தொழிற்சாலை இணைப்பு வரும் இடத்தில் புதியதை வைத்து வெல்டு செய்வதே முறை. வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) இணைப்பையும் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: மண் டிராக்கில் கார் உருண்டு கூரைமேல் நின்றது. நிமிர்த்தி உடனே ஸ்டார்ட் செய்தோம். 'டக்' என்று நின்றது. இரண்டாம் முறை ஓடியது, ஒரே நீலப் புகை. இப்போது அதிர்கிறது.
– வாசகர், ஓமலூர்

பதில்: கவிழ்ந்த எஞ்சினில் ஆயில் பிஸ்டனுக்கு மேலே போய்த் தேங்கும்; வென்ட் ஹோஸ் வழியாக ஏர் ஃபில்டர் வரைகூடப் போகும். ஆயில் காற்றைப்போல் அமுங்காது. ஸ்டார்ட்டர் சுழற்றும்போது பிஸ்டன் அதில் முட்டி, கனெக்டிங் ராட் வளைகிறது. நீங்கள் கேட்ட 'டக்' அதுவாகவே இருக்கலாம்.

நிமிர்த்தியதும் செய்ய வேண்டியிருந்தது இதுதான்: பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பெட்ரோலும் பேட்டரி ஆசிடும் கசிகிறதா என்று பார்ப்பது. பிறகு ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கிராங்க் புல்லியை (எஞ்சின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்) கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுவது. அதன் பிறகே ஃபியூயல் பம்ப் ஃபியூஸையும் இக்னிஷன் காயில் இணைப்பையும் எடுத்துவிட்டு, பிளக் துளைகள்மேல் பழந்துணி போட்டு, ஸ்டார்ட்டரை அடிப்பது. தேங்கிய ஆயில் பீய்ச்சி வரும். முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

இப்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் (பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் தெளிவாகக் குறைந்தால் சந்தேகம் வலுக்கிறது. உறுதி செய்ய, பிளக் துளை வழியே மெல்லிய நேர்க்கம்பியை விட்டு, ஒவ்வொரு பிஸ்டனும் உச்சிக்கு வரும்போது கம்பியில் குறி வையுங்கள். ஒரு பிஸ்டன் மட்டும் தாழ்வாக நின்றால் அந்த ராட் வளைந்துவிட்டது. ஹெட்டைக் கழற்ற வேண்டும். கார் கவிழ்ந்த நிலையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. ஓடியிருந்தால் ஆயில் பம்ப் காற்றைத்தான் இழுத்திருக்கும். ஆயில் ஃபில்டரை அறுத்துப் பிரித்து, மடிப்புகளில் வெள்ளி அல்லது செம்பு நிற மினுக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேரிங்குகளையும் மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: மோதிய காரின் ஹார்னஸில் (பல பட்டைகள் கொண்ட பந்தய சீட் பெல்ட்) கிழிசல் இல்லை, லேபிளில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி. ஹெல்மெட்டில் ஒரு கீறல்தான். இரண்டையும் வைத்து இந்த சீசனை ஓட்டிவிடலாமா?
– வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: கூடாது. லேபிளில் உள்ள தேதி மோதாத ஹார்னஸுக்கு. உங்கள் எடையைத் தாங்கும்போது பெல்ட்டின் நெசவு நீண்டு அதிர்வை வாங்கிக்கொள்கிறது. நீண்டது திரும்பச் சுருங்காது. அடுத்த முறை நீள்வதற்கும் மிச்சமிருக்காது. அட்ஜஸ்டர் பிடித்த இடத்தில் பெல்ட் பளபளப்பாக உருகினாற்போல் இருந்தால் அது இழுபட்டதற்குச் சாட்சி. ஆனால் அந்தப் பளபளப்பு இல்லை என்பதால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. ஹெல்மெட்டும் அப்படியே. உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற பொருள் ஒருமுறை நசுங்கத்தான் செய்யப்பட்டது. ஓட்டின் கீறலை வைத்து உள்ளே என்ன ஆயிற்று என்று தெரியாது. பெயின்ட் செலவை அடுத்த சீசனுக்குத் தள்ளிவிட்டு, அந்தப் பணத்தில் இவற்றை வாங்குங்கள்.

ஃபைபர் சீட்டை எடுத்து, உறையை நீக்கி, நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'கண்' என்ற ஓசை திடீரென்று மந்தமாகும் இடத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கும். கேஜில் (உருண்டால் காக்கும் குழாய்க் கூண்டு) குழாயைவிடப் பாத இணைப்புதான் முக்கியம். எஃப்ஐஏ (பன்னாட்டுக் கார் பந்தய அமைப்பு) விதிப்படி, பின்பக்கத் தாங்கு குழாய்களைத் தவிர ஒவ்வொரு பாதத்துக்கும் குறைந்தது 3 மி.மீ. தடிமனும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள தாங்கு தகடு ஷெல்லில் வெல்டு செய்யப்பட்டிருக்க வேண்டும், 8.8 தரத்தில் எம்8 போல்ட் மூன்றாவது இருக்க வேண்டும். போல்ட்டுகளைப் புதிதாகவே போடுங்கள். தரைத்தகடு பாதத்தைச் சுற்றிக் கிண்ணம்போல் குழிந்திருந்தால் கேஜ் உள்ளே இறங்கியிருக்கிறது. நசுங்கிய குழாயை நிமிர்த்தக் கூடாது. அந்தத் துண்டை வெட்டி மாற்றுவதும் கேஜ் செய்தவர் பார்த்துச் சொல்ல வேண்டிய வேலை.

தீயணைப்பான் அடித்திருந்தால் அன்றைக்கே கவனியுங்கள். ஏபிசி பவுடர் ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியத்தையும் வயரிங் முனைகளையும் அரிக்கும். முதலில் வேக்குவத்தால் உறிஞ்சி, பிறகே ஈரத்துணி. ஏற்காட்டு ஷெட்டில் காரை விடுகிறவர்களுக்கு ஒரு இரவுப் பனியே போதும்.

கேள்வி: என் தம்பி பந்தயத்தில் மோதினான். டிராக் டாக்டர் பார்த்து அனுப்பிவிட்டார். மறுநாள் தலைவலி, வெளிச்சம் பட்டால் எரிச்சல். "அடுத்த மாதம் ரேஸ் இருக்கு, ஒண்ணுமில்லக்கா" என்கிறான். நாங்கள் இருப்பது ஏற்காடு.
– வாசகி, ஏற்காடு

பதில்: தலை எங்கும் இடிக்காமலே மூளை குலுங்கும், திடீரென்று நிற்பதே போதும். தம்பியை இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். காரைத் தம்பி ஓட்ட வேண்டாம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பக் கடினமான தூக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, கை கால் மரத்துப்போவது – இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நள்ளிரவில் நோயாளியை இறக்குவது எப்படி என்று உங்களுக்கே தெரியும். அதனால் மோதிய பிறகு முதல் இரண்டு இரவு சேலத்திலேயே உறவினர் வீட்டில், ஒரு ஆள் துணையோடு தங்கவைப்பது நல்லது. டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின், புரூஃபன் வகை மாத்திரைகள் வேண்டாம். ரத்தக்கசிவு இருந்தால் கூட்டிவிடும்.

வயிற்றில் பெல்ட் தடம் கன்றிப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தத் தடத்தோடு வயிற்றுவலியோ சிறுநீரில் ரத்தமோ வந்தால் ஸ்கேன் வரை போக வேண்டும்.

அடுத்த மாதப் பந்தயத்தைக் காலண்டரை வைத்து முடிவு செய்ய முடியாது. ஓரிரு நாள் ஓய்வு, பிறகு நடை, பிறகு வேர்க்கும் உடற்பயிற்சி, பிறகு சாதாரணக் கார் ஓட்டுவது, கடைசியில் டிராக். ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு நாள். தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே. கடைசிப் படிக்கு முன் டாக்டரின் எழுத்து வேண்டும். ஆறாத மூளைக்கு இரண்டாவது குலுக்கல், சிறியதானாலும், உயிருக்கே ஆபத்து.

கேள்வி: ரோடு பதிவு உள்ள கார். முழு இன்சூரன்ஸ் இருக்கிறது. பின்னால் வந்து இடித்தவரிடமும் செலவு கேட்கலாமா?
– வாசகர், ஆத்தூர்

பதில்: பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியைப் படியுங்கள். ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குக் காப்பு இல்லை என்று அதில் இருக்கும். "பைபாஸில் மோதியது என்று எழுதிவிடு" என்று யோசனை சொல்ல நாலு பேர் வருவார்கள். அது மோசடி வழக்கு. இடித்தவரிடம் பணம் கேட்பது பந்தய வழக்கத்தில் இல்லை. அவரவர் காருக்கு அவரவர் பொறுப்பு என்றுதான் கையெழுத்துப் போட்டு இறங்குகிறோம்.

பந்தய முடிவை எதிர்த்து முறையிடலாம். பன்னாட்டு விளையாட்டு விதிப்படி முடிவுப் பட்டியல் ஒட்டிய 30 நிமிடத்துக்குள், எழுத்தில், கட்டணத்தோடு. சாட்சிக்குக் காரிலிருந்த கேமரா கார்டை உடனே எடுத்து வையுங்கள். காரை ஏற்றும் அவசரத்தில் அதன்மேல் வேறு பதிவு ஏறிவிடும்.

கேள்வி: என் காரின் ஷெல் தேறாது. பழைய ஷெல் ஒன்று வாங்கி எஞ்சினை மாற்றலாமா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: டிராக்குக்கு மட்டும் என்றால் தாராளமாக. ரோட்டில் ஓட்ட வேண்டுமென்றால் சேஸி எண் அந்தப் பழைய ஷெல்லில்தான் இருக்கிறது. உங்கள் ஆர்சி அதற்குச் செல்லாது. எண்ணை வெட்டி ஒட்டுவது குற்றம். மீளாத காரென்றால், மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும்.

கேள்வி: ரிப்பேர் முடிந்த காரை ஏற்காடு மலைப்பாதையில் விடியற்காலை ஒரு ரவுண்டு பார்க்கலாமா?
– வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: வேண்டாம். ரோட்டில் பந்தயம், வேகச் சோதனை செய்தால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, ஐயாயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பஸ்ஸும் காட்டுமாடும் எதிரே வரும் பாதையில், ஒருமுறை வளைந்த லோயர் ஆர்மை யாராவது சோதிப்பார்களா?

முதலில் சொந்த வளாகத்தில், நடக்கும் வேகத்தில் பிரேக்கை மிதித்து, பெடல் இறங்குகிறதா, கார் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். பிறகு டிராக்கின் பயிற்சி நாளில் இரண்டு சுற்று மெதுவாக. உள்ளே வந்து நான்கு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகம் சுட்டால் பேரிங் அல்லது பிடித்துக்கொண்ட பிரேக் காலிப்பர். மாற்றிய போல்ட்டுகளில் மார்க்கரால் கோடு போட்டிருந்தால் எது நகர்ந்தது என்று ஒரு பார்வையில் தெரியும். ஐந்து சுற்று வேகமாகப் போய்வந்து, கார் ஆறிய பிறகு வீல் நட், லோயர் ஆர்ம், சப்ஃப்ரேம் போல்ட் எல்லாவற்றிலும் டார்க் ரெஞ்சை (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) மறுபடி வையுங்கள்.