வலிப்பு மாத்திரையால் வரும் கோபம்: நிறுத்தலாமா, மாற்றலாமா?

கேள்வி: எனக்கு வயது 23. பதினாறு வயதில் முதன்முறையாக வலிப்பு வந்தது. அப்போதிருந்து லெவெடிராசிட்டம் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். காலையும் இரவும் 500 மில்லிகிராம் என்று இருந்தது. சென்ற ஆண்டு மீண்டும் ஒரு முறை வலிப்பு வந்ததால் வேளைக்கு 1000 மில்லிகிராமாக உயர்த்தினார்கள். அதன் பிறகு நான் நானாக இல்லை. ஒன்றுமில்லாத விஷயத்துக்கும் அம்மாவிடம் எரிந்து விழுகிறேன்; பிறகு அறைக்குள் போய் அழுகிறேன். பகலில் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. முக்கியமான வேலை இருக்கும் நாள்களில் காலை மாத்திரையை விட்டுவிடுகிறேன். இது வீட்டில் தெரியாது, மருத்துவரிடமும் சொன்னதில்லை. சில நாள்களில் காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து தெறித்து விழுகிறது. இதுவும் மாத்திரையின் விளைவா? வலிப்பு நோயுள்ள என் தோழி கார்பமசெப்பைன் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாள். நானும் அதற்கு மாறலாமா? அல்லது மாத்திரையையே நிறுத்திவிடலாமா? சில ஆண்டுகளில் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமும் இருக்கிறது.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்டவற்றுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. மாற்ற இடமிருக்கிறது, ஆனால் தோழியின் மாத்திரைக்கு அல்ல. பிரஷ் தெறித்து விழுவது மாத்திரையின் விளைவாக இருப்பதைவிட, நோயின் அறிகுறியாக இருக்கவே அதிக வாய்ப்பு உண்டு. உங்களை நேரில் பரிசோதிக்காமல் கடிதத்தை மட்டும் வைத்து எழுதுகிறேன் என்பதால், இவற்றை உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பேசுவதற்கான குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தப் பிரஷ் விஷயத்தில்தான் நான் வெகுநேரம் நின்றேன். மாத்திரையால் வரும் நடுக்கம் என்றால் விரல்கள் மெல்ல, தொடர்ந்து ஆடும். பேனா பிடித்தால் எழுத்து நெளியும். நீங்கள் சொல்வது அப்படியில்லை. நினைவு தெளிவாக இருக்கும்போதே கை ஒரு கணம் மின்சாரம் பட்டதுபோல் வெட்டி உதறி, பிடித்திருந்த பொருள் தெறிக்கிறது. தூங்கி எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், அதிலும் முந்தைய இரவு சரியாகத் தூங்காத நாள்களில் இது வருகிறதென்றால், அதை மயோக்ளோனிக் உதறல் என்று நாங்கள் சந்தேகிப்போம். பதின்பருவத்தில் தொடங்கும் ஒரு வகை வலிப்பு நோயில், இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பு என்பது அதன் பெயர், இந்த உதறல்தான் முக்கிய அடையாளம். நோயாளிகள் இதைக் 'கை தவறிவிட்டது' என்று எண்ணிச் சொல்லாமலே விட்டுவிடுவதால், பல ஆண்டுகள் கழித்தே நோயின் வகை தெரிய வருவதும் உண்டு. உங்களுக்கு இந்த வகைதான் என்று நான் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் கேட்டுத் தெளிய வேண்டிய கேள்வி இது. முடிந்தால் யாரையாவது ஒரு காலை வேளையில் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். பத்து நொடி காணொளி பல நேரங்களில் ஒரு பக்க விவரணையைவிட எங்களுக்கு அதிகம் சொல்லும். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனை எடுத்து நாளாகியிருந்தால், அதை மீண்டும் எடுக்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.

தோழியின் மாத்திரைக்கு மாறக் கூடாது என்று சொன்னதும் இதனால்தான். வலிப்பு என்று ஒரே பெயரால் அழைத்தாலும் அதில் பல வகைகள் உண்டு. மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்புக்குக் கார்பமசெப்பைன் நல்ல மருந்து. தோழிக்கு அந்த வகையாக இருக்கலாம். ஆனால் மயோக்ளோனிக் உதறல் உள்ளவர்களுக்கு அதே மருந்து உதறலை அதிகப்படுத்திவிடக்கூடும். ஃபெனிட்டாயின், காபாபென்டின் போன்றவையும் அப்படித்தான். இது தவிர, கார்பமசெப்பைன் சிலருக்குத் தோலையும் வாயின் உட்புறத்தையும் உரித்தெடுக்கும் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்குகிறது. ஆசிய மரபுவழி வந்தவர்கள் சிலரிடம் காணப்படும் எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணு வகை இந்த ஆபத்தைப் பல மடங்கு கூட்டுவதால், அந்த மருந்தைத் தொடங்கும் முன் அதற்கான இரத்தப் பரிசோதனை செய்வது உண்டு. ஆகவே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கிச் சாப்பிட்டுப் பார்க்கும் மருந்துகள் அல்ல இவை.

இனி கோபத்துக்கு வருகிறேன். எரிச்சல், கோபம், காரணமில்லாத அழுகை ஆகியவை லெவெடிராசிட்டத்தின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவுகள். இந்த மருந்தைக் கைவிட நேர்வதற்கான முக்கியக் காரணங்களில் இது ஒன்று. அளவை உயர்த்திய பிறகு இது தொடங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனவே உங்கள் சுபாவம் கெட்டுவிட்டது என்றோ, நீங்கள் நன்றிகெட்ட மகள் என்றோ நினைத்து நொந்துகொள்ளாதீர்கள். அம்மாவிடமும் இதை ஒருநாள் உட்கார்ந்து சொல்லுங்கள். மாத்திரை எழுப்பும் கோபத்தைத் தன் மீதான வெறுப்பு என்று அவர் சுமந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. தூக்கக் கலக்கம் பெரும்பாலும் முதல் சில வாரங்களில் குறைந்துவிடும். மனநிலை மாற்றம் அப்படித் தானாகக் குறையும் என்று காத்திருப்பதில் பயனில்லை. மாதக்கணக்கில் நீடித்தால் ஏதாவது செய்தாக வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலிப்பு மருந்துகள் சிலருக்குத் தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-ஆம் ஆண்டு எச்சரித்தது. எண்ணிக்கையில் அத்தகையவர்கள் மிகக் குறைவு. ஆனாலும், வாழ்ந்து என்ன பயன் என்பது போன்ற எண்ணம் ஒருமுறை தலைதூக்கினாலும், அடுத்த சந்திப்பு வரை பொறுக்காமல் அன்றே அம்மாவிடம் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நீங்கள் மறைத்து வைத்திருக்கும் அந்தக் காலை மாத்திரைதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. லெவெடிராசிட்டம் இரத்தத்தில் ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். இரவு ஒன்பது மணிக்குப் போட்ட மாத்திரைக்குப் பிறகு காலை வேளையை விட்டால், அடுத்த இரவு ஒன்பது மணிக்கு அது எட்டில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். முக்கியமான வேலைக்காக நீங்கள் விடும் வேளை, அந்த வேலை முடியும் மாலை நேரத்திலேயே உங்களைப் பாதுகாப்பில்லாமல் நிறுத்துகிறது. முந்தைய இரவு பதற்றத்தில் தூக்கமும் கெட்டிருந்தால் ஆபத்து இரட்டிக்கிறது. அதற்கு மேல் ஒரு கணக்குப் பிழையும் இதில் ஒளிந்திருக்கிறது. சென்ற ஆண்டு வந்த வலிப்புக்கு முன்பும் இப்படி வேளைகளை விட்டீர்களா என்று நினைத்துப் பாருங்கள். ஆம் என்றால், 500 மில்லிகிராம் போதவில்லை என்று மருத்துவர் முடிவு செய்தது முழுமையற்ற தகவலை வைத்துத்தான். அந்த முடிவுதான் இன்றைய கோபத்தையும் கலக்கத்தையும் கொண்டு வந்தது. அந்தக் கலக்கம் தாளாமல்தான் மீண்டும் மாத்திரையை விடுகிறீர்கள். இப்படியே போனால் அடுத்த வலிப்பில் அளவு இன்னும் ஏறும், அல்லது இரண்டாவது மாத்திரை சேரும். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியாக எடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று வகைப்படுத்துவோம். சரியாக எடுக்காததால் அந்த முத்திரை உங்கள் மீது விழக் கூடாது.

இதில் எங்கள் தரப்பின் குறையையும் ஒப்புக்கொள்கிறேன். மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே 'மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டால், 'ஆமாம் டாக்டர்' என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல யாருக்கும் மனம் வராது. 'போன வாரத்தில் எத்தனை வேளை விட்டுப்போனது?' என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் என்னிடமே பலர் உண்மையைச் சொன்னார்கள். உங்கள் மருத்துவர் அப்படிக் கேட்காவிட்டாலும் நீங்களே தொடங்குங்கள். 'டாக்டர், பக்கவிளைவு தாங்க முடியாமல் மாதத்தில் இத்தனை காலை வேளைகளை விட்டிருக்கிறேன்' என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். ஒரு நொடி அவர் முகம் சுருங்கலாம். அதன் பிறகு உங்கள் சிகிச்சை சரியான கணக்கிலிருந்து தொடங்கும்.

அவர் செய்யக்கூடியவை பல. வேளை தவறாமல் எடுப்பது உறுதியானால் அளவைச் சற்றுக் குறைத்துப் பார்க்கலாம். இரவில் அதிகமும் காலையில் குறைவுமாகப் பிரிக்கலாம். வைட்டமின் பி6 சேர்த்தால் எரிச்சல் குறைகிறது என்று சில மருத்துவர்கள் தருகிறார்கள். அதற்கான சான்று வலுவானதல்ல, அளவு மீறி நீண்ட நாள் எடுத்தால் நரம்புகளையே கெடுக்கும் என்பதால் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். இவை உதவாவிட்டால் மருந்தை மாற்றலாம். முதல் மருந்து ஒத்துவராதது ஒன்றும் அரிதல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து க்வானும் ப்ரோடியும் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட, பலராலும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வில், முன்பு மருந்தே எடுக்காதவர்களில் 47 சதவீதம் பேருக்குத்தான் முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. மேலும் 13 சதவீதம் பேருக்கு இரண்டாவது மருந்தில் நின்றது. மாற்றும்போது பழையதைச் சட்டென்று நிறுத்தாமல், புதியதை ஏற்றிக்கொண்டே பழையதைப் படிப்படியாக இறக்குவார்கள். திடீரென நிறுத்தினால் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

உங்கள் வயதில் எந்த மருந்துக்கு மாறுவது என்பதைக் குழந்தைப் பேற்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மயோக்ளோனிக் வகைக்கு மிக நன்றாக வேலை செய்வது வால்புரோயேட். ஆனால் கர்ப்ப காலத்தில் அதை எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு உடல் குறைபாடுகளும், 30 முதல் 40 சதவீதம் பேருக்குப் பேச்சு, கற்றல் போன்றவற்றில் வளர்ச்சிக் குறைபாடுகளும் வருகின்றன. உடல் எடை கூடுவதும் முடி உதிர்வதும் தனி. வேறு வழி இருக்கும்வரை கருவுறும் வயதுப் பெண்களுக்கு அதைத் தவிர்க்கவே பார்ப்போம். கர்ப்பத்தில் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை என்று கருதப்படுபவை லெவெடிராசிட்டமும் லாமோட்ரிஜினும். லாமோட்ரிஜின் பலருக்கு மனநிலையைக் கெடுக்காது. ஆனால் தோல் ஒவ்வாமையைத் தவிர்க்கப் பல வாரங்கள் மெல்ல மெல்லத்தான் ஏற்ற முடியும், சிலருக்கு உதறலையும் கூட்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜினின் அளவை இரத்தத்தில் கணிசமாகக் குறைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். எந்த மருந்தானாலும், கருவுறத் திட்டமிடும் காலத்துக்குப் பல மாதங்கள் முன்பே மருத்துவரிடம் சொல்லி ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டும்.

மாத்திரையையே நிறுத்தும் கேள்விக்கு இப்போது இடமில்லை. குறைந்தது இரண்டு ஆண்டுகள் வலிப்பே வராமல் இருந்த பிறகுதான் அதைப் பற்றிப் பேசவே தொடங்குவோம். மயோக்ளோனிக் வகை என்று உறுதியானால், நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்குத் திரும்ப வந்துவிடுகிறது. பயமுறுத்துவதற்காக அல்ல, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதையும் சொல்கிறேன்: வலிப்பு நோயுள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் அளவுக்கு, பெரும்பாலும் தூக்கத்தில், திடீரென இறந்துவிடுகிறார்கள். கட்டுப்படாத பெரிய வலிப்புகளே அதற்கு முதன்மையான காரணி. பெரிய வலிப்பு வராமல் காப்பது அந்த ஆபத்தையும் குறைக்கிறது.

மருத்துவரைப் பார்க்கும் வரை சிலவற்றில் கவனமாக இருங்கள். காலையில் உதறல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால், அது பெரிய வலிப்புக்கு முன்னோட்டமாக இருக்கக்கூடும். உடனே கீழே உட்கார்ந்து யாரையாவது கூப்பிடுங்கள். குளியலறைக் கதவை உள்ளே தாழிடாதீர்கள், தனியாக நீந்தாதீர்கள், வாகனம் ஓட்டாதீர்கள். இரவுத் தூக்கத்தைக் குறைக்காதீர்கள், மது வேண்டவே வேண்டாம். ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். வலிப்பு வந்தால் உங்களை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்க்கும்படி அம்மாவிடம் சொல்லி வையுங்கள். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

இன்றிரவு மாத்திரையை வழக்கமான நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நாளைக் காலை எவ்வளவு முக்கியமான வேலை இருந்தாலும் காலை மாத்திரையை விடாமல், அன்றே மருத்துவரிடம் நேரம் கேட்டு வாங்குங்கள்.