வட்ட முகத்துக்குச் சதுர பிரேம்தான் போட வேண்டுமா?

வட்ட முகம், மைனஸ் ஏழு பவர், அகலமான சதுர பிரேம் எடு என்று எல்லாரும் சொல்கிறார்கள், எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அகலமானது வேண்டாம். சதுரம் வேண்டுமானால் சின்னதாக எடுங்கள்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களில் சம்பளம் போட்ட வாரம் சனிக்கிழமை வந்தால் கடையில் நிற்க இடம் இருக்காது, பாதிப் பேர் கைப்பேசியில் அந்த முக வடிவப் படத்தை வைத்துக்கொண்டுதான் வருவார்கள். வட்ட முகத்துக்குச் சதுரம், சதுர முகத்துக்கு வட்டம், நீள முகத்துக்கு உயரமான பிரேம், முட்டை வடிவ முகத்துக்கு எது போட்டாலும் சரி. படம் முழுப் பொய் இல்லை. முகத்தில் இல்லாத கோட்டைப் பிரேம் கொடுத்தால் எடுப்பாக இருக்கும், அவ்வளவுதான் அதன் கணக்கு. ஆனால் அந்தப் படத்தில் மூக்கும் இல்லை, பவரும் இல்லை.

உங்களுக்கு முதலில் பவர்தான். மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லிசு, ஓரம் போகப் போகத் தடிப்பு. பிரேம் கையின் உள்பக்கம் 54, 18, 140 என்று பொடியாக எழுதியிருக்கும், எல்லாம் மில்லிமீட்டர்: ஒரு லென்ஸின் அகலம், மூக்குக்கு மேல் வரும் இடைவெளி, கையின் நீளம். முதல் இரண்டையும் கூட்டினால் 72. உங்கள் இரண்டு கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரம் 60 என்று வைத்துக்கொள்வோம், அப்போது ஒவ்வொரு கண்ணும் லென்ஸின் நடுவிலிருந்து 6 மில்லிமீட்டர் மூக்குப் பக்கம் தள்ளி இருக்கிறது, அதை ஈடுகட்ட லென்ஸையும் தள்ளி வெட்ட வேண்டும், தடித்த ஓரம் எல்லாம் காதுப் பக்கம் வந்து நிற்கும். அதுவே 46, 20 என்றால் கூட்டினால் 66, தள்ளுவது 3தான். ஒளிவிலகல் எண் 1.67, 1.74 என்று வரும் மெல்லிசு லென்ஸுக்குக் கூடுதல் காசு கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள், காசே கேட்காது.

இதே பவரில், இதே வட்ட முகத்தோடு ஒரு தங்கை வந்திருந்தார். 54 சதுரத்தைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு அண்ணே" என்றார். மாதிரிப் பிரேமில் பவர் இல்லையே, நன்றாகத்தான் இருக்கும். பவர் போட்டால் கண் சுருங்கித் தெரியும், அகல லென்ஸ் என்றால் கன்னத்து ஓரம் வேறு உள்வாங்கித் தெரியும். கடைசியில் 47இல், மேல்கோடு நேராகவும் கீழே வளைவாகவும் உள்ள ஒன்றை எடுத்தார். மேல்கோடு புருவத்தோடு ஒட்டிப் போனது, கண் லென்ஸின் நடுவில் உட்கார்ந்தது, முகம் வட்டமா சதுரமா என்று யாரும் பார்க்கப் போவதில்லை.

அடுத்தது மூக்கு. நம் ஊர் வெயிலுக்கும் வேர்வைக்கும் மூக்குப் பாலம் தாழ்வாக உள்ளவர்களுக்குக் கெட்டி பிளாஸ்டிக் பிரேம் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதன் மூக்குப் பகுதியை வளைத்துச் சரிசெய்யவும் முடியாது. கம்பியில் வரும் சின்ன மூக்குப் பட்டை உள்ளதை எடுத்தால் நாங்கள் விரித்தோ நெருக்கியோ கொடுத்துவிடுவோம். தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுகிறவர்களுக்கு இது அழகு விஷயமே இல்லை, அண்ணாந்து குலையைப் பார்க்கும் நேரத்தில் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தால் பிரேமுக்கு மேலேதான் பார்க்க வேண்டியிருக்கும். மலிவான உலோகப் பிரேமில் செம்பு கலந்திருந்தால் வேர்வை பட்டுப் பச்சை பிடிக்கும். டைட்டானியம் பிடிக்காது, விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது சிலை மாதிரி நிற்காதீர்கள். குனிந்து தரையைப் பாருங்கள், தலையை ஆட்டுங்கள், வாய்விட்டுச் சிரியுங்கள். சிரிக்கும்போது கன்னம் பிரேமைத் தூக்கினால் லென்ஸின் உயரம் உங்களுக்கு அதிகம், வட்ட முகக்காரர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று. கறுப்பாக இருப்பவர்கள் பளிச்சென்ற பிரேம் போடக்கூடாது என்று அம்மாமார் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. மெல்லிய தங்கநிறக் கம்பி மாநிறத்துக்கும் கறுப்புக்கும் வருகிற மாதிரி வெள்ளைத் தோலுக்கு வராது. இது என் கட்சி, நீங்கள் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அப்புறம், மோட்டாரில் வேலைக்குப் போகிறவர் என்றால் ஹெல்மெட்டை வண்டியில் மாட்டிவிட்டு வராமல் கடைக்குள் கொண்டு வாருங்கள். முகம் மூடும் ஹெல்மெட்டுக்குள் தடித்த கை பொட்டில் அழுத்தி, அரை மணி நேரத்தில் தலைவலி வரும். மெல்லிசாக, நேராக உள்ள கை சுலபமாக நுழையும். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டே பிரேமை மாட்டிக் கழற்றிப் பாருங்கள், கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.