ரெண்டு பக்கம், ஒரு கோணம் சமம்... ஏன் மார்க் இல்ல?

கேள்வி: எம்பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. ரெண்டு முக்கோணத்துல ரெண்டு பக்கமும் ஒரு கோணமும் சமமா இருந்துச்சு, சர்வசமம் (அளவும் வடிவமும் அப்படியே ஒண்ணு)னு எழுதுனா, டீச்சர் தப்புன்னு கோடு போட்டுட்டாங்க. மூணு அளவும் சரியா இருக்கே, என்ன தப்பு?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: டீச்சர் செஞ்சது சரிதாங்க. ஆனா பொண்ணு கேக்குறது அருமையான கேள்வி, 'விதி அப்படித்தான்'னு சொல்லி அமுக்கிடாதீங்க. கோணம் எங்க இருக்குங்கிறதுதான் விஷயமே. அந்த ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல இருந்தா ப-கோ-ப (பக்கம்-கோணம்-பக்கம்) விதிப்படி சர்வசமம்னு தாராளமா எழுதலாம். வெளிய தள்ளி இருந்தா எழுத முடியாது.

வரைஞ்சு பாத்தாதான் நம்புவா, ஜியாமெட்ரி பாக்ஸ எடுத்து உக்கார சொல்லுங்க. நீளமா ஒரு கோடு, அதுல ஏ-ன்னு ஒரு புள்ளி, அங்க 30 டிகிரி வச்சு சாய்வா இன்னொரு கோடு போட்டு அதுல 8 செ.மீ. தள்ளி பி. இப்ப காம்பஸ்ல 5 செ.மீ. எடுத்து பி-ல முள்ள வச்சு வில் போட்டா அடிக்கோட்ட ரெண்டு எடத்துல வெட்டும், ஒண்ணு ஏ-ல இருந்து கிட்டத்தட்ட 4 செ.மீ., இன்னொண்ணு 10 செ.மீ. பக்கம். ரெண்டு முக்கோணத்துலயும் 8, 5, 30 டிகிரி அப்படியே இருக்கு, ஆனா ஒண்ணு சின்னது ஒண்ணு பெருசு!

அப்ப கோணம் நடுவுல இல்லாத செ-க-ப (செங்கோணம்-கர்ணம்-பக்கம்) விதி மட்டும் எப்படி செல்லும்னு அடுத்து கேப்பா, கேக்கணும். ஏ-ல 90 டிகிரி, ஏபி 4, வில்லு 5 செ.மீ.ன்னு வச்சா ஏ-க்கு ரெண்டு பக்கமும் சரியா 3 செ.மீ.ல வெட்டும், ஒண்ண திருப்பி போட்டா இன்னொண்ணு, அதனால அங்க சிக்கலே இல்ல.

ரெண்டு கோணமும் அதுங்களுக்கு நடுவுல இருக்குற பக்கமும் சமமா இருந்தா சர்வசமம்ங்கிற கோ-ப-கோ விதிக்கு சில்வர் பீச்சுக்கே கூட்டிட்டு போங்க. கடல்ல இருக்குற கப்பலோட தூரத்த கரையில இருந்தே பழைய கிரேக்க அறிஞர் தேலீஸ் கண்டுபிடிச்சார்னும் அதுக்கு இந்த விதி வேணும்னும் பழைய கிரேக்க நூல்ல இருக்கு. கிட்டக்க நிக்கிற படகுக்கு நேரா ஏ, கரையோரமா 20 அடி வச்சு பி-ல ஒரு குச்சி, இன்னும் 20 அடியில சி. அங்கிருந்து கடலுக்கு முதுகு காட்டி நேரா நடக்கணும், குச்சியும் படகும் ஒரே கோட்டுல தெரியுற எடத்துல நிக்கணும். நடந்த தூரம்தான் படகோட தூரம். ஏன்னு காரணத்தோட அவளையே எழுத சொல்லுங்க: ஏ-லயும் சி-லயும் செங்கோணம், ஏபியும் பிசியும் சமம், குச்சிகிட்ட குத்தெதிர் கோணங்கள் (ரெண்டு கோடு வெட்டுற எடத்துல எதிரெதிரா இருக்குற கோணங்கள்) சமம்.